பத்தாம் தேதி, இருநூறு

"அக்கா, நீங்க ஒண்ணும் செய்யண்டாம்,
எல்லாம் தானா மாறிரும்" என்றான்
புது பேங்க்கிலிருந்து வந்த அஜின்,
ஷூவில் ஒட்டிய ரப்பர் பாலை
என் கடைப்படியில் தேய்த்துக்கொண்டே.

தானாக மாறியது நான் பார்த்தவரை ஒன்றுதான்.
பழைய பேங்க்கின் பெயர்ப்பலகை,
நான்கு வருடத்தில் இரண்டு முறை.
பலகை மாறியதும் செக் புத்தகம் செல்லாமல் போனது.
திங்கள்கிழமை கொண்டுபோன சில்லறையை
புதன்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள்.
புதன்கிழமை எண்ணும் மெஷினுக்குச் சுகமில்லை.
சாக்கைத் தூக்கிக்கொண்டு
குலசேகரம் சந்தை வழியாகத் திரும்பி நடந்தபோது
முடிவு செய்தேன்.

ஜூன் மாதம். ஷீட் உலரவில்லை.
புகைப்புரையில் விறகும் அழுகிறது.
வியாபாரம் இல்லாத நேரம்
ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினேன்.
வேன் லோன் ஐந்தாம் தேதி,
இன்சூரன்ஸ் பதினைந்து,
தக்கலை சீட்டு இருபது.
போன இடமெல்லாம்
ஒரு கேன்சல் செக் கேட்டார்கள்.
குறுக்கே இரண்டு கோடு, நடுவில் ரத்து.
காசு தராது என்று உறுதியான காசோலையைத்தான்
இந்த ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள்.
பதினொன்று கிழித்தேன்.

மார்த்தாண்டத்து லோன்காரர்கள் மட்டும்
கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பினார்கள்.
பிளாரன்ஸின் எஃப் அன்று வளைந்து நின்றதாம்,
இன்று நேராக நிற்கிறதாம்.
அவர்கள் முன்னால் உட்கார்ந்து
பத்து வருடத்துக்கு முந்தைய என்னை
நாலு தடவை எழுதிப் பார்த்தேன்.

பிறகு ஸ்டேட்மெண்டை விரித்து
ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக
ஒவ்வொரு பிடித்தத்தையும் வெட்டிக்கொண்டே வந்தால்
ஒன்று மட்டும் மிஞ்சியது.
பத்தாம் தேதி, இருநூறு ரூபாய்.
மாசாமாசம்.
யாருக்கு என்று ஒரு நம்பர் மட்டும்.

தேடிப் பிடித்துப் போன் செய்தேன்.
"பிளாரன்ஸ் மேடமா? குலசேகரமா?
உங்களத் தெரியாம இருக்குமா" என்கிறது
எனக்குத் தெரியாத ஒரு குரல், தூத்தூரிலிருந்து.
"தொண்ணூறு மாசம், மேடம்.
ஒரே ஒரு மாசந்தான் விட்டுப்போச்சு."

அந்த ஒரு மாசம் எனக்கு நினைவிருக்கிறது.
லாக்டவுன் மே. கணக்கில் காசில்லை.
இருநூறு திரும்பியதற்கு
ஐந்நூற்றித் தொண்ணூறு அபராதம்.
எந்த எளவுக்குப் பிடிக்கிறான் என்று திட்டினேன்.
என்ன பிடித்தம் என்று பார்க்கவில்லை.

புயல் வந்த நவம்பருக்கு அடுத்த மாதம்
இருநூற்றிப் பன்னிரண்டு மரம் ஒடிந்து கிடக்க
நஷ்டஈட்டு மனுவோடு அலைந்த நாட்கள்.
பஸ் ஸ்டாண்டில் ஒரு மேஜை இருந்தது.
மேஜையில் போட்டோக்கள் இருந்தன,
கடலுக்குப் போனவர்களுடையது.
நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்ட மாதம் அது.
இரங்கிப் போட்டேனா,
இன்னொரு மனு என்று நினைத்துப் போட்டேனா?
வளைந்த எஃப்பைப் பார்த்தால் தெரியவில்லை.

"பெனிட்டா இப்ப பிளஸ் டூ, மேடம்.
நம்ம பீட்டருக்க மவ."
எந்தப் பீட்டர் என்று நான் கேட்கவில்லை.

தவறாமல் கொடுத்தவள் என்று
அங்கே ஒரு நோட்டில் என் பெயர் இருக்கிறதாம்.
தவறாமல் இருந்தது ஏதோ ஒரு கம்ப்யூட்டர்.
நான் அந்நேரம்
ஈர ஷீட்டுக்கு விலை குறைத்துக்கொண்டிருந்தேன்.

புதிய படிவம் வாட்ஸ்அப்பில் வந்தது.
பிரிண்ட் எடுத்து வந்த அஜின்
மேஜைமேல் குனிந்து பார்த்தான்.
"இது வேண்டாம்னா விட்டிருங்க அக்கா.
கணக்க மூடுனா தானா நின்னுரும்."

தொகை என்ற கட்டத்தில்
இரண்டு என்று எழுதியாயிற்று.
பக்கத்தில் எத்தனை சைபர் என்று
கை நிற்கிறது.
வெளியே பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு
யாரோ கேட்கிறார்கள்,
இன்று நாலாம் தரத்துக்கு என்ன விலை என்று.
சொல்கிறேன்,
பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல்.